நானூறு கிலோ லோடு

பதினாறாவது மூட்டையையும் ஜீப்பின் பின்பக்கம் தள்ளிவிட்டு, டன்காரர் கதவை இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்துவார். மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ மணல். ஆக மொத்தம் நானூறு கிலோ. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு செய்தித்தாள் வாங்கி வருவார். போக முந்நூறு அடி, வர முந்நூறு அடி. சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பதினாறையும் இறக்கிச் சுவரோரம் அடுக்குவார். மூன்று மாதமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. எப்படியும் காலையில் ஏற்றத்தானே போகிறீர்கள், அப்படியே கிடக்கட்டுமே என்று எதிர்வீட்டுத் தையற்காரர் ஒருநாள் தெரியாமல் கேட்டுவிட்டார்.

"ஸ்பிரிங்குக்கு ரெஸ்ட் வேணாமா? நீங்க தூங்கும்போது தையல் மிஷின நெஞ்சு மேல வெச்சிக்கிட்டா தூங்கறீங்க?"

அதற்குப் பிறகு தையற்காரர் ஜன்னல் இடுக்கு வழியாக மட்டுமே வேடிக்கை பார்த்தார்.

மனிதருக்கு வயது அறுபத்தெட்டு. செங்கல் சூளையில் மண் சுமந்து, லாரியில் எடுபிடியாகத் தொற்றிக்கொண்டு, டிரைவராகி, கடைசியில் மண் வெட்டும் இயந்திரங்கள் நான்குக்குச் சொந்தக்காரர் ஆனவர். இப்போது அவற்றை மருமகன் பார்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. "படிச்சவங்க நாலு பேரு என் மெஷின ஓட்டறாங்க. நானும் படிச்சிருந்தா அஞ்சாவது ஆளா வரிசைல நின்னிருப்பேன்" என்பார். எதையும் டன்னில் சொல்லித்தான் பழக்கம்; தெருவில் டன்காரர் என்ற பெயரும் அதனால்தான். ஜலதோஷம் பிடித்தால் மூக்கில் அரை டன். மருமகனுக்கு மூளை கால் டன். தன் அனுபவம் மட்டும் எத்தனை டன் என்று இதுவரை எடை போட முடியவில்லை. அந்த அளவுக்கு எடைமேடை இன்னும் கட்டப்படவில்லையாம்.

ஜீப்பை வாங்கியது அறுபத்தைந்தாவது பிறந்தநாளில். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. ஆறு, மலை, பாறை எதிலும் ஏறும் என்று விற்றவர் சொன்னார். அது ஏறியதெல்லாம் கல்யாண மண்டபத்தின் வாசல் சரிவு ஒன்றுதான். ஆனாலும் அவர் அதை ஓட்டும்போது முகத்தில் மலையேறும் களை இருக்கும். தெருவுக்குத் தார் போட ஆட்கள் வந்தபோது தன் வீட்டு வாசலில் இருந்த பெரிய குழியைச் சுற்றி நான்கு நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் தானே உட்கார்ந்துகொண்டார். "இத மட்டும் தொடாதீங்கப்பா. இதுவும் போச்சுன்னா என் வண்டி எங்கதான் போய் வேலை செய்யும்?" குழி பிழைத்தது. இன்றைக்கும் அந்தத் தெருவில் கறுகறுவென்று ஓடும் தார் அவர் வாசலில் மட்டும் ஒதுங்கிப் போகிறது.

அந்த ஜீப்பின் ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிய ஆரம்பித்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். கம்பெனி மாதிரியே ஒரு ஜோடியை மாட்டியிருந்தால் அரை நாள் வேலை. ஆனால் கரடுமுரடான இடத்துக்கென்றே தனியாகச் செய்கிற ஷாக் வெளியே கிடைக்கும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், ஐந்து மாதம் போனது. கடை கடையாக ஏறி, ஷாக்கைத் தரையில் நிறுத்தி, உள்ளங்கையால் முழு பலத்தோடு அமுக்கி, அது எழும்பும்வரை ஒன்று இரண்டு என்று எண்ணுவார். மூன்று மாதிரிகளை வீட்டுக்கே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் நிறுத்திவைத்தார். சாப்பிடும்போது ஒரு வாய்க்கு ஒரு அமுக்கு. கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி, கீழ் வரி தெரிகிறதா என்று கேட்டார். "அது கெடக்கட்டும் டாக்டர். நீங்களா இருந்தா ஒத்தக் குழாய் போடுவீங்களா, ரெட்டக் குழாயா?" அது ஷாக்கின் குழாய் என்று தெரியாத டாக்டர் பயந்துபோய் மூக்குக்கும் ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

அவருடைய மனைவி அதிகம் பேசாதவர். மேஜையில் தட்டு வைக்க இடம் தேடும்போது மட்டும் ஒருநாள் சொன்னார்: "என்னக் கட்டிக்க கால் மணி நேரத்துல சரின்னு சொன்ன மனுஷன்."

"உன்னயும் அமுக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், எவ்ளோ ஹார்டுன்னு" என்றார் டன்காரர். அன்றைக்குச் சாப்பாடு சீக்கிரம் முடிந்தது.

கடைசியில் புறவழிச்சாலை ஓரமாக இருக்கும் கடைக்குப் போனார். அதை நடத்துவது நாற்பது வயது மெக்கானிக் அம்மாள். கால்சட்டையில் கிரீஸ், காதில் பென்சில். மற்ற கடைக்காரர்கள் அவரை அமுக்க விட்டார்கள். இந்த அம்மாள் அமுக்க விடவில்லை. ஒரு அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"எந்த மாதிரி ரோட்டுல ஓட்டுவீங்கய்யா?"

"ரோடே இல்லாத எடத்துல."

மெக்கானிக் அம்மாள் எட்டி ஜீப்பின் டயரைப் பார்த்தார். புது டயரில் முளைத்திருக்கும் ரப்பர் மயிர்கள் மூன்று வருடத்துக்குப் பிறகும் ஓரத்தில் அப்படியே சிலிர்த்து நின்றன.

"டயர்ல முடிகூட உதிரலையேய்யா."

"அது என் டிரைவிங்கும்மா. முடிக்கும் வலிக்காது."

"சரி. வண்டில எப்பவும் எவ்ளோ லோடு இருக்கும்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அத வெச்சுத்தான் ஸ்பிரிங், ஷாக் ரெண்டும் முடிவு பண்ணணும்."

வண்டியில் எப்போதும் இருப்பது அவரும், அவர் மனைவியும், மனைவியின் குடையும். ஆனால் கடையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க மண்ணை டன் டன்னாக அள்ளியவர், இரண்டு அந்நியர்கள் முன்னால் குடை என்று எப்படிச் சொல்லுவார்?

"நானூறு கிலோ. கொறையவே கொறையாது."

"வெறும் வண்டியா ஓட்டினீங்கன்னா தூக்கித் தூக்கிப் போடும். அப்பறம் என்னச் சொல்லக் கூடாது."

"யாருகிட்டம்மா சொல்ற? ஓட்டறது நானு."

அட்டையில் லோடு என்ற இடத்தில் அவரையே எழுதச் சொன்னார் மெக்கானிக் அம்மாள். 400 என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

புது ஷாக்கோடு முதல் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் மனைவியின் அக்கா வீடு. அக்கா இடுப்பு உடைந்து படுக்கையில் விழுந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமும் ஒரு வெள்ளி தவறாமல் மனைவியை அழைத்துப்போனவர் டன்காரர். போகும் வழியில்தான் மனைவி வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவார். அவரும் வாய் மூடிக் கேட்கிற ஒரே நேரம் அதுதான். அன்றைக்கு வண்டி கிளம்பி இருபது அடி போயிருக்காது. நாற்காலி போட்டுக் காப்பாற்றிய அதே குழி. முன்சக்கரம் இறங்கி எழுந்ததும் மனைவியின் தலை கூரையில் ணங்கென்று இடித்தது. பின்சக்கரம் இறங்கி எழுந்ததும் இன்னொரு முறை இடித்தது.

"நிறுத்துங்க" என்றார் மனைவி. இறங்கினார். குடையை எடுத்துக்கொண்டார். "இந்த வண்டில இனி நான் ஏற மாட்டேன். அக்கா வீட்டுக்கு பஸ் போகுது."

போய்ச் சொன்னால் மெக்கானிக் அம்மாள் மாற்றிக் கொடுத்துவிடுவார். தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. ஆனால் போய் என்ன சொல்வது? நானூறு கிலோ என்று நான் சொன்னது பொய் என்றா? டன்காரர் இரண்டு நாள் யோசித்தார். வார்த்தையை மாற்றுவதைவிட வண்டியை மாற்றுவது சுலபம் என்று பட்டது. மணல் வந்து இறங்கியது. நூறு கிலோ ஏற்றிக் குழியில் விட்டார்; கூரை இடித்தது. இருநூறு ஏற்றினார்; பல் இடித்தது. நானூறு ஆனதும் வண்டி படகு மாதிரி இறங்கி, படகு மாதிரி ஏறியது. மெக்கானிக் அம்மாள் தொழில் தெரிந்தவர், சந்தேகமே இல்லை. டன்காரருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வந்து ஒக்காந்து பாரு. தொட்டில்! அசல் தொட்டில்!"

"மூட்டையோட மூட்டையா நானும் வரணுமா?" என்று கேட்டுவிட்டு மனைவி பஸ்ஸுக்கு நடந்தார்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ஊர்வலம். முன்னால் பஸ், பின்னால் நானூறு கிலோ மணலோடு ஜீப். பஸ் நின்றால் ஜீப்பும் நிற்கும். பின் சீட்டில் உட்காரும் மனைவி திரும்பிப் பார்க்கமாட்டார். கண்டக்டருக்கு எல்லாம் அத்துப்படி. "அம்மா, உங்க பாடிகார்டு சிக்னல்ல மாட்டிக்கிட்டாரு. ஒரு நிமிஷம் நிறுத்தட்டுமா?" என்று கேட்பார். "வேணாம்" என்பார் மனைவி. ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்குச் சில்லறை தேட வேண்டியிருக்கும், கண்டக்டரும் காத்திருப்பார்.

போன வெள்ளிக்கிழமை ஷாக் மாட்டிய எண்பத்தெட்டாவது நாள். பஸ் புறவழிச்சாலையில் நின்றதும் மனைவி இறங்கினார். அது அக்கா வீட்டு நிறுத்தம் இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு நேராக ஷாக் கடைக்குள் போனார். டன்காரர் நானூறு கிலோவையும் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கினார். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் அம்மாள் எதிரே வந்து, அவரைத் தாண்டி, ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

பதினாறு மூட்டை. ஒன்றில் சிறுபுல் முளைத்திருந்தது.

"இது என்னய்யா?"

"லோடு."

"எதுக்கு இந்த லோடு?"

"ஷாக்குக்கு."

"இந்த ஷாக்கு எதுக்கு?"

"லோடுக்கு" என்றார் டன்காரர். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலும் விழுந்தது.

மனைவி குடையின் பிடியால் வாயை மூடிக்கொண்டார். மூன்று மாதமாக அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தோள் குலுங்கியது.

மெக்கானிக் அம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தப் பழைய அட்டையைக் கொண்டுவந்து, காதிலிருந்த பென்சிலை நீட்டினார். "இன்னும் ரெண்டு நாள் இருக்குய்யா. சாஃப்ட் செட் மாட்டித் தரேன். ஆனா லோடு நீங்க எழுதினது. திருத்தறதும் நீங்கதான் திருத்தணும்."

டன்காரர் அட்டையைப் பார்த்தார். கடையில் அன்றைக்கும் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தெருவில் பஸ் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு பார்த்தார்.

"பஸ்ஸு நிக்குது" என்றார் மனைவி. "நான் அதுல போகட்டுமா, இல்ல இருக்கட்டுமா? சொல்லுங்க."

அவர் பென்சிலை வாங்கினார். மண் சுமந்த விரலில் பென்சில் குச்சி மாதிரி இருந்தது. 400 என்பதில் கடைசிப் பூஜ்யத்தைச் சுற்றிச் சுற்றி அடித்தார். மீதி இருந்தது 40.

"இவ்ளோதாம்மா. இவ மட்டும்தான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மனைவி எட்டி அந்த நாற்பதைப் பார்த்தார். மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. கண்டக்டரைப் பார்த்து, போகலாம் என்று குடையை ஆட்டினார். மெக்கானிக் அம்மாள் மனைவியை ஏற இறங்க ஒருமுறை பார்த்துவிட்டு, அட்டையின் ஓரத்தில் சின்னதாகக் கூட்டல் குறி போட்டு இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டார். குடையைச் சேர்க்கவில்லை.

மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. பதினாறு மூட்டையையும் அவரே இறக்கிக் கடை வாசலில் அடுக்கினார். அடுக்கும்போது நின்ற இருவருக்கும் தன் இயந்திரங்களைப் பற்றிச் சொன்னார்; நான்கு என்பதை ஆறாக்கினார். மணல் போனதும் ஜீப்பின் பின்பக்கம் பாரம் நீங்கி நிமிர்ந்து நின்றது. புது செட்டோ பழையதைவிட நாலு விரல் உயரம்; படி எட்டவே எட்டாது. மனைவி கதவின் பக்கம் வந்து, ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கீழே வைத்தார்.

டன்காரர் கடை வாசலுக்குத் திரும்பிப் போனார். புல் முளைத்திருந்த மூட்டையைத் தோளில் தூக்கிவந்து, கதவுக்கு நேர் கீழே போட்டு, புல் இருந்த பக்கம் அடியில் போகும்படி புரட்டினார். தன் காலால் இரண்டு மிதி மிதித்து மேலே சமமாக்கினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

மனைவி முதலில் குடையை அவர் கையில் கொடுத்தார்.