வெயில் தெரியாத கால்

மீன மாதத்து உச்சிவெயிலில் அந்த முற்றம் ஒரு தோசைக்கல். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். சந்துக்கு இந்தப்புறம் எங்கள் வீடு. அந்தப்புறம் சரக்கு அடுக்கும் பாண்டிகசாலை, அதன் நடுவே வானம் பார்த்த சிமெண்டு முற்றம். காலையில் பெண்கள் மிளகைக் கொட்டி மரப்பலகையால் இழுத்துப் பரத்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் முற்றம் முழுக்கக் கறுத்துவிடும். கறுப்பு வெயிலைக் குடிக்கும். குடித்துக்கொண்டே இருக்கும்.

அங்கே யாரும் செருப்போடு இறங்கமாட்டார்கள். மிளகு தின்கிற சாமான். அதற்கும் மேலாக லட்சுமி. முதலாளியானாலும் மூட்டை தூக்குகிறவரானாலும் வாசற்படியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே.

அப்பா மிளகுத் தரகர். மலையிலிருந்து சரக்கு கொண்டுவருகிறவருக்கும் மட்டாஞ்சேரியில் அதை வாங்குகிறவருக்கும் நடுவில் நிற்பவர். நிற்பவர் என்றால் மெய்யாகவே நிற்பவர். பேரம் சரக்கின் நடுவில் வெறுங்காலோடு நின்றுதான் நடக்கும். குனிந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஊதி, ஒரு மணியைக் கடித்து, மறுபடி நின்று. இரண்டு பேர் பாதமும் வெந்துகொண்டிருக்கும். எவர் முதலில் காலை மாற்றி வைக்கிறாரோ அவர் விலையில் இறங்கப்போகிறார் என்று பொருள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. தெரியாதவரும் இல்லை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவும் கொக்குபோலக் காலை மாற்றி மாற்றித்தான் நிற்பார். பிறகு, எப்போது என்று சொல்ல முடியாத ஒரு வருஷத்தில், மாற்றுவது நின்றுபோனது. நட்டு வைத்த கம்பம்போல நின்றார். மூட்டை தூக்குகிறவர்கள் கீழே சிரிப்பது மாடிவரை கேட்கும்.

“தரகரேட்டனுக்கு அம்மா வயித்துலயே செருப்பு தச்சுக் கொடுத்தாச்சு!”

நாங்கள் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டோம்.

பேரம் முடிந்தால் சாயா வரும். சர்க்கரை அடியில் தங்குகிற சாயா. அதை வேண்டாம் என்றால் பேசிய விலை வேண்டாம் என்று ஆகிவிடும். ஆகவே அப்பா குடித்தார். காலையில் ஒரு பேரம், சாயா. நடுப்பகலில் இன்னொன்று, சாயா. முறிந்துபோன பேரத்தை ஒட்டவைக்க மறுபடி சாயா. என் குழந்தைப் பருவத்தில் அவர் அந்தச் சர்க்கரையையெல்லாம் நடந்தே தீர்த்திருப்பார். பஜார் ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கிட்டங்கி கிட்டங்கியாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அப்புறம் அப்பாவின் தரகுக் கடைக்குத் தொலைபேசி வந்தது. கறுப்பாக, பளபளவென்று, ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தது. அப்பாவும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். முற்றத்தில் நிற்கிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் நாற்காலி. வேட்டி மடிப்பு அவிழ்ந்து கணுக்காலை மூடியது. வயிறு மெல்ல முன்னால் வந்து எங்களோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தது.

எங்களுக்கு நோய் என்றால் வெளியிலிருந்து வருவது. ஐம்பதுகளில் அதற்கு ஒரு வழியும் வாசலும் இருந்தது. வைசூரி காற்றில் வந்தது, வேப்பிலை சொருகினோம். காலரா தண்ணீரில் வந்தது, காய்ச்சிக் குடித்தோம். மந்து கொசுவில் வந்தது. யானைக்கால் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்கிற அது எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வீங்கி நடந்தது, அதனால் அம்மா சாயங்காலமே ஜன்னல்களைச் சாத்தினாள். எல்லா வாசலையும் அடைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து பாயசம் குடித்தோம். உள்ளே இருந்தே ஒன்று முளைக்கும் என்று, தினசரி செய்கிற காரியமே திரண்டு நோயாகும் என்று, எங்களில் யாருக்குத் தோன்றும்?

அது வெளிப்பட்ட நடுப்பகல், எனக்கு விடுமுறை. எர்ணாகுளத்துக் கல்லூரிக்குப் படகேறாத நாள். ஜன்னலில் நின்றேன். கீழே அப்பாவும், கிழக்கு மலையிலிருந்து வந்த ஒரு வியாபாரியும். அவர் லேசில் இறங்காதவர் என்று பெயரெடுத்தவர். நெடுநேரம் நின்றார்கள். வியாபாரி ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்தார். பிறகு அதைக் கீழே, இதை மேலே. கடைசியில் துள்ளிக்கொண்டே நிழலுக்கு ஓடினார்.

“போதுமப்பா! நீ சொன்ன விலையே ஆகட்டும். நீ மனுஷனா, சுமைதாங்கிக் கல்லா?”

முற்றமே சிரித்தது. அப்பா நிதானமாக நடந்து வந்து சாயா வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்கு வந்து சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பரிமாற வந்த அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“என்னது இது, உள்ளங்கால்ல?”

“என்ன?”

“தோல் வெந்து கெடக்கு! வெத்தல அளவுக்குக் கொப்புளம். உங்களுக்கு வலிக்கலையா?”

அப்பா காலைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். விரலால் அழுத்தினார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அம்மாவின் முகத்தில்தான் மாறியது.

எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் படகில் அழைத்துப் போனோம். மலையாளியானாலும் தமிழர்களோடு பழகிய தமிழ் அவருக்கு இருந்தது. அப்பாவைக் கண் மூடச் சொல்லிப் பஞ்சுத் துணுக்கால் பாதத்தைத் தடவிக்கொண்டே போனார்.

“தொடும்போ சொல்லணும்.”

அப்பா காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். பஞ்சு விரல்களைத் தாண்டி, புறங்காலைத் தாண்டி, கணுக்கால் வரை ஏறியது.

“நீங்க இன்னும் தொடங்கலையா டாக்டர்?” என்றார் அப்பா.

டாக்டர் பஞ்சைக் கீழே வைத்தார். சர்க்கரை நோய் என்றார். வந்து வருஷக்கணக்காகியிருக்கும் என்றார். கால் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, அதனால்தான் சூடு தெரியவில்லை. “இந்தப் புண்ணு ஆறும். ஆனா இனி ஒரு தடவை இப்படிப் பொள்ளினா, அது உள்ள போயிட்டா, கால முறிக்க, வெட்டி எடுக்க வேண்டிவரும். வெறுங்காலோட ஒரு அடியும் வேண்டாம். சாயால மதுரம் வேண்டாம். தெனமும் நடக்கணும், செருப்பிட்டு.”

திரும்பும் படகில் அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். “அப்போ அது தைரியமில்ல.” காயலைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் புதிய சாமான்கள் வந்தன. ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு கண்ணாடிக் குழாய், நீலமாக ஒரு திரவம். காலையில் கொல்லைப்புறத்தில் அம்மா அப்பாவின் சிறுநீரை அதில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவாள். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, நல்லது. பச்சையானால் பார்த்துக்கொள்ளலாம். செங்கல் நிறத்துக்குப் போனால் அம்மா குழாயைக் கழுவி மறுபடி காய்ச்சுவாள். எங்கள் வீட்டின் வானிலை அந்தக் குழாயில் விடிந்தது.

நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு இந்த நோயை எப்படி விசாரிப்பதென்று தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, படுக்கை இல்லை, வேப்பிலை இல்லை. ஒருவர் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சர்க்கரை குறைந்துபோகிற நோய் என்று நினைத்துவிட்டாராம். அரிசிக்குத் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் ரேஷன் கோதுமையைப் பார்த்து ஊரே முகம் சுளித்தது. அப்பாவுக்கு இரவில் அதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “சப்பாத்தியா மோளே? அரிசி வேணும்னா சொல்லு, அரை நாழி தரேன்” என்று என் காதில் இரக்கப்பட்டாள்.

புண் ஆறிக்கொண்டு வந்தது. அப்பா ஆறவில்லை. தொலைபேசியில் மிளகு பேச முடியாது. உருட்டிப் பார்க்காத மணியை யார் நம்புவார்கள்? செருப்போடு முற்றத்தில் இறங்கினால் சரக்குக்கு அவமானம். வெறுங்காலோடு இறங்கினால் கால் போகும். ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேறொரு தரகர் கொக்குபோல நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தரையில் அவர் கால்கள் அசையாமல் இருக்கும். கை மட்டும் இல்லாத மிளகை உருட்டும்.

அம்மாதான் ஒரு நாள் புதிய கான்வாஸ் ஜோடு ஒன்றை வாங்கி வந்து, துவைத்து, உலர்த்தி, துணியில் சுற்றினாள். “இது தெருவ மிதிக்காத ஜோடு. முத்தத்து வாசல்லயே இருக்கட்டும், அங்க போட்டு அங்கயே கழட்டுங்க. ஒருநாளும் வெளிய வராது. சரக்குக்கு என்ன குறைச்சல்?” பாண்டிகசாலை முதலாளியின் மனைவியிடம் அவளே போய்ப் பேசி, வாசலில் ஒரு மரப்பெட்டிக்கு இடமும் வாங்கி வந்திருந்தாள்.

முதல் நாள் நான் ஜன்னலில் நின்றேன். வேட்டிக்குக் கீழே வெள்ளை ஜோடு. அப்பா படியிலிருந்து இறங்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். மூட்டை தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள்.

“தரகரேட்டன் பந்து விளையாட வந்திருக்கார்!”

எதிரில் அதே மலை வியாபாரி. அவர் சிரிக்கவில்லை.

“ஜோடு மாட்டிட்டு லட்சுமி மேல நிக்கிறீரே. இதுல நான் எப்படி உம்மோட வெல பேசறது?”

சிரித்துச் சமாளித்திருக்கலாம். புண் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அப்பா குரலை உயர்த்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “எனக்குச் சூடு தெரியாது. சர்க்கரை நோய். இத்தனை நாள் நான் தாங்கி நிக்கல. தெரியாம நின்னேன்.”

விசில் நின்றது. வியாபாரி அப்பாவின் ஜோட்டையும் தன் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அட துரோகி! உன்னால எத்தன மீன மாசம் நான் வெந்திருப்பேன்!” என்று கத்தினார். பிறகு அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். “வா நிழலுக்கு. ரெண்டு பேரும் மனுஷனாட்டம் நின்னு பேசுவோம்.” ஒரு முறம் மிளகை நிழலுக்குக் கொண்டுவரச் சொன்னார். அன்று அப்பா நினைத்த விலை கிடைக்கவில்லை.

சாயா வந்தது. அப்பா மதுரமில்லாமல் ஒன்று கேட்டார். வியாபாரி முகத்தைச் சுளித்தார்.

“கசந்த வாயோட கை கொடுக்கிறதா?”

“வாய்தான் கசக்குது. பேச்சு இனிப்புதான்,” என்றார் அப்பா. குடித்து முடித்தார். பேரம் முறியாமல் நின்றது.

இப்போது எனக்கு அந்த அப்பாவின் வயது. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் ஏசுகிறார்கள், ஏசட்டும், நடக்கிறேன். எழுதுகிற நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து போய் உள்ளங்காலைத் தண்ணீரில் நனைத்துப் பார்க்கிறேன். குளிர்கிறது. நல்லது.

அப்பா இரண்டு காலோடும் இருந்தார், கடைசிவரை. பேரத்தில் சில சமயம் தோற்றார், சில சமயம் வென்றார். ஜோட்டை மாட்டுவதற்கு முன்னால் அதற்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கல்லோ முள்ளோ கிடந்தால் காலுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் படியில் உட்கார்ந்து, குழந்தையின் வாயில் விரல் விட்டுப் பார்ப்பதுபோல, மெதுவாக, மூலை மூலையாகத் தடவுவார். பெரும்பாலும் ஒரு மிளகு அகப்படும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், உருட்டுவார், வாயில் போட்டுக் கடிப்பார். காரத்தில் கண் சுருங்கும். பிறகு ஜோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்குவார்.