உடையாத கைப்பிடி

கடைசல் பட்டறையில் எனக்குப் பக்கத்து இயந்திரம் அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை. இருபது வருஷம் ஒரே மரத்தூளைத் தின்றால் கூடப் பிறந்த மாதிரிதான். நாங்கள் கடைவது பிர்ச் மரம். வெளுத்த நிறம், நெருக்கமான இழை. உளிக்கு இணங்கிப் போகும், ஆனால் எத்தனை அடி தாங்கினாலும் முறியாது. சம்மட்டிக்குக் கைப்பிடி என்றால் அதுதான்.

அக்காவின் புருஷன் சுவர் இடிக்கிறவன். அவனுக்கான கைப்பிடிகளை இவளே கடைந்து கொடுப்பாள். உபரியாக ஒன்று கதவு மூலையில் நிற்கும். அது இவளை அடிக்க. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று பழமொழி வேறு சொல்வான், படுபாவி.

இடது கை இரண்டாவது தடவை முறிந்து கட்டோடு வந்தவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"கைதான் உடைஞ்சுது. கைப்பிடியில ஒரு கீறல் இல்லடி."

குரலில் தொழில் பெருமை. எனக்கு அவளையே அறையலாம் போலிருந்தது.

பட்டறைக்குப் பின்னால் பட்டை உரிக்காத பிர்ச் கட்டைகள் ரொம்ப நாளாய்க் கிடந்தன. பட்டையோடு மண்ணில் கிடந்தால் இந்த மரம் மேலே புதுசாக இருக்கும், உள்ளே உளுத்துவிடும். முதலில் போவது பலம்; கனம் குறைவது அப்புறம்தான்.

"அதுல ஒண்ணு கடைஞ்சு குடுக்கா," என்றேன்.

"கெட்ட சாமான் என் கையால போகாது."

கட்டுப் பிரித்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், அவன் மகளின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பத்து வயசுப் பெண். நெற்றியில் நாலு தையல்.

மறுநாள் அக்கா பின்னால் போய் ஒரு கட்டையை எடுத்து வந்தாள். பட்டையை உரித்துக் கடைந்து எண்ணெய் பூசினாள். அவ்வளவு அழகான கைப்பிடியை நான் பார்த்ததில்லை. பிறகு நல்ல கட்டையில் இன்னொன்று கடைந்தாள்.

"ரெண்டு எதுக்குக்கா?"

"ஒண்ணு அவனுக்கு."

அதுவரை "அவரு" என்றுதான் சொல்வாள்.

அன்று சாயங்காலம் அவன் கதவு மூலையில் நின்ற புதுக் கைப்பிடியை எடுத்து ஓங்கி அடித்தான். அவள் தோளில் பட்டதும் அது இரண்டாக முறிந்தது. கையில் மிஞ்சிய துண்டைப் பார்த்து முழித்தான். கட்டிலுக்கடியிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். அவன் விழும்வரை அடித்தாள், விழுந்த பிறகும் அடித்தாள்.

காலையில் மகளோடு பட்டறைக்கு வந்து, ரத்தம் காய்ந்த கைப்பிடியை என் மேஜையில் வைத்தாள்.

"கீறல் இருக்கா பாரு."

விரலால் தடவிப் பார்த்தேன். "இல்லக்கா."

"முட்டி ரெண்டும் போச்சு அவனுக்கு," என்றாள். மகளை என் முக்காலியில் உட்கார வைத்துவிட்டு இயந்திரத்தைப் போட்டாள். போலீஸ் வருவதற்குள் நாலு கைப்பிடி முடித்திருந்தாள்.