மெட்டில் உட்காராத பாட்டு

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவனுக்கு வயது முப்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ராக் குழுவில் பாடுவான். பெரிய குரல் என்று சொல்ல முடியாது. சுருதி விலகாது, அவ்வளவுதான். பாட்டெல்லாம் ஆங்கிலம். ஏன் என்று கேட்பவர்களிடம், "நம்ம பாஷை மெட்டுல உட்காராதுங்க" என்பான்.

அதில் பாதி உண்மை. மெட்டுப் போடும்போது ஆங்கிலம் போல ஒலிக்கும் அர்த்தமற்ற சத்தங்களால் அதை நிரப்புவது அவர்கள் பழக்கம். ஃபிரேமுக்கு லென்ஸை வெட்டுவது போல, பிறகு அந்த அளவுக்குச் சொற்களை வெட்டுவார்கள்.

மீதிப் பாதி, குழுவுக்குப் பேர் வாங்கித் தந்த ஒரே பாட்டில் இருக்கிறது. இறந்துபோன அண்ணனைப் பற்றியது அது. ஒரு மத்தியானம் ஒத்திகை அறையின் கதவை அண்ணன் தட்டினான். எப்போதும் மூன்று தட்டு. குடித்துவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து இவன் மைக்கின் சத்தத்தைக் கூட்டினான். திரும்பிப் போன அண்ணன் சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டான். அன்று அவன் குடித்திருக்கவில்லை.

பாட்டு மூன்று டிரம் அடிகளோடு தொடங்கும். தட்டியது நீ என்று தெரிந்தும் திறக்கவில்லை என்பதுதான் பல்லவி.

ஏழு வருடமாக அதை மேடையில் பாடுகிறான். முதல் வரிசையில் அம்மா கைதட்டுவாள். புரியாத மொழியில் ஒப்புக்கொண்டால் அது ஒப்புக்கொண்டதாகுமா? விடை தெரிந்தால் பாடுவதை நிறுத்த வேண்டிவரும் என்பதால் அவன் அதிகம் யோசிக்கவில்லை.

சித்தி வந்திருந்த ஒரு நாள் அம்மா கேட்டாள்.

"ஒரே ஒரு தடவ நம்ம பாஷையில பாடேன்டா. என் புள்ளையப் பத்தி நீ என்னதான் சொல்லியிருக்கேன்னு நானும் கேக்கறேன்."

"மெட்டுல உட்காராதும்மா."

"உட்காரலேன்னா நிக்கட்டும். நீ பாடு."

சித்தி சிரித்தாள். "அவனுக்கே அர்த்தம் தெரியுமோ என்னவோக்கா!"

"அண்ணா" என்று ஆரம்பித்தான். ஆங்கிலப் பாட்டில் அந்தச் சொல் இல்லை. 'நீ' என்பதோடு தப்பித்திருந்தான். மேலே வரவில்லை. வேறு எதையாவது இட்டுக்கட்டிப் பாடலாமென்றால் அதுவும் வரவில்லை.

"தொண்ட கட்டியிருக்கும்மா."

"சரி, நானே பாடறேன் போ." அம்மா டப்பா மூடியில் மூன்று தட்டுத் தட்டினாள். பல்லவியை ஓர் எழுத்துப் பிசகாமல் ஆங்கிலத்திலேயே பாடினாள்.

"அடேயப்பா! என்னக்கா அர்த்தம்?"

"யாருக்குத் தெரியும்? கூடப் பொறந்தவன் எழுதினது. நல்லதாத்தான் இருக்கும்."

மறுபடியும் மூடியைத் தட்டினாள். "டேய், சும்மா நிக்காதே. கூடச் சேர்ந்துக்கோ."

அவனும் சேர்ந்து பாடினான்.