கடற்கரையில் மாட்டிக்கொண்ட இரண்டு ஜோடிகள்

போன வாரப் பொது விடுமுறைக்கு நானும் என் கணவரும் தஞ்சோங் ஹராப்பான் கடற்கரைக்குப் போனோம். நான் பட்டுப்புடவையில். தலையில் மல்லிகைச் சரம் வேறு.

கடற்கரைக்கு எதற்குப் பட்டு என்றுதானே கேட்கிறீர்கள்? காஜாங்கில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போகிறோம் என்று மகளிடம் சொல்லியிருந்தோம். பொய் சொன்னால் அதற்கேற்ற உடுப்பையும் போட்டுத்தானே ஆகவேண்டும்.

பொய் என் யோசனை அல்ல. "ரெண்டு பேரும் கடற்கரைக்குப் போறோம்னு பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது? என்ன நினைப்பா?" என்றார் என் கணவர் மனோகரன். கல்யாணமாகி முப்பது வருடம். மகள் தர்ஷினிக்கு இருபத்தேழு வயது. அவள் எப்படிப் பிறந்தாள் என்று அவளுக்குத் தெரியாது என்று இவர் நம்பிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ...

அவள் அன்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். விடுமுறை நாளிலும் ஆபீசில் அவசர வேலையாம். "பாவம் பிள்ளை" என்றார் இவர். நானும் "பாவம்" என்றேன்.

எங்கள் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் கடற்கரை இருக்கும் போர்ட் கிள்ளான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம். பணி ஓய்வு பெற்ற இந்த ஒரு வருடத்தில் இவர் என்னோடு தனியாக வெளியே வருவது இதுதான் முதல் தடவை. மனம் விட்டுப் பேசலாம் என்று ஆசையாக உட்கார்ந்தேன். பேசினார். பல் டாக்டரைப் பற்றி.

பல் டாக்டர் என்பவர் இவருடைய பழைய சக ஊழியரின் மகன். சிரம்பானில் கிளினிக் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தர்ஷினியைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. "உங்க இஷ்டம்ப்பா" என்று அவள் சொன்னதை இவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கடற்கரை நன்றாகத்தான் இருந்தது. வெயில்தான் கொளுத்தியது. தடுப்புக் கம்பியோரம் வரிசையாகத் தூண்டில் போடுகிறவர்கள், பட்டம் விடும் பிள்ளைகள், தூரத்தில் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள். ஆளுக்கொரு இளநீர் வாங்கிக்கொண்டு நிழலில் நின்றோம். போகிறவர்கள் எல்லாரும் என்னையும் புடவையையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

பெற்றவளுக்குத் தெரியாதா? இருபது அடி தள்ளி, கம்பியில் சாய்ந்துகொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள் என் மகள். பக்கத்தில் ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயதிருக்கும். நல்ல உயரம், தாடி. கிரேன்களைக் காட்டி ஏதோ சொல்ல, இவள் சிரிக்கிறாள். அவளுடைய ஆபீஸ் டாமன்சாராவில் அல்லவா இருக்கிறது?

சட்டென்று இவர் பார்வைக்குக் குறுக்கே போய் நின்றேன். "ஏங்க, அங்க பாருங்க, கப்பல்" என்று எதிர்த்திசையைக் காட்டினேன்.

"அங்க கார் பார்க்தான் இருக்கு" என்றார்.

சரி, இளநீர் இனிப்பாக இல்லை, வேறு கடைக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். முப்பது வருடத்தில் நான் பொது இடத்தில் கையைப் பிடித்ததே இல்லை. மனிதர் கூச்சத்தில் அப்படியே உறைந்து நின்றுவிட்டார். அதற்குள் அந்தப் பையன் நேராக எங்களிடமே வந்துவிட்டான்.

"அங்கிள், சோரி. ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?"

இவருக்கு ஒரு பலவீனம். தான் பெரிய போட்டோகிராபர் என்று நினைப்பு. சொந்தக்காரர் கல்யாணங்களில் உண்மையான போட்டோகிராபருக்கு முன்னால் போய் நிற்பவர். மலர்ந்த முகத்தோடு கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"கிட்ட நில்லுங்க தம்பி. ஏன்மா, நீ கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு."

அவள் திரும்பினாள்.

இவர் கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தபடியே நின்றார். இறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு ஒரு வருடம் போல இருந்தது. பிறகு 'க்ளிக்' என்று ஒரு சத்தம். எடுத்தேவிட்டார்.

"ஓகேவா அங்கிள்?" என்றான் பையன், இன்னும் சிரித்தபடி.

"அப்பா" என்றாள் தர்ஷினி.

"எங்க?" என்று பையன் சுற்றும்முற்றும் பார்த்தான்.

கைப்பேசி மெதுவாக இறங்கியது. "நீ ஆபீஸ்ல இருக்க வேண்டியவ" என்றார் இவர்.

அவள் இவரைப் பார்த்தாள், என் பட்டுப்புடவையைப் பார்த்தாள், என் கையிலிருந்த இளநீரைப் பார்த்தாள். "நீங்க காஜாங்ல இருக்க வேண்டியவங்க" என்றாள்.

இவர் கைப்பேசியைப் பையனிடம் கொடுத்துவிட்டுக் கம்பியோரமாக நடந்தார். தோள்கள் தொங்கிப்போயிருந்தன. கோபம் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இது கோபம் இல்லை. எனக்குப் பயம் வந்தது.

நான் பின்னால் போவதற்குள் பையன் போனான். போகட்டும் என்று விட்டேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன் மகளிடம்.

"உங்ககிட்ட சொன்னா பத்திரிகைல வந்துரும்மா."

இப்போது அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பெயர் சரவணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மூன்று வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கத்தான் அன்று இங்கே வந்தார்களாம். "அப்பா ஆசையா இருந்தாரும்மா. எல்லார்கிட்டயும் டாக்டர் மாப்பிள்ளைன்னு சொல்லிட்டாரு. எப்படிச் சொல்றது?"

அம்மா நான் ஒருத்தி வீட்டில் இருக்கிறேன். வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கே அனுபவம் சொல்கிறேன். என் மகளுக்கு என்னிடம் வாய் திறக்க வழியில்லை. வெட்கமாக இருந்தது.

இருவரும் மெதுவாக அவர்கள் பக்கம் போனோம். பேச்சு காதில் விழுந்தது.

"ரெண்டு தடவ உங்களப் பாக்க வந்தேன் அங்கிள். லிப்ட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன், லிப்ட் வேலை செய்யலையா?"

"செஞ்சது அங்கிள். அதான் பயம்."

இவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னை அடையாளம் தெரியாமலா வந்து போட்டோ கேட்ட?"

"தர்ஷினி காட்டுன போட்டோல உங்களுக்கு மீசை இருந்துச்சி அங்கிள்."

ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக இவர் எடுத்தது அந்த மீசையைத்தான். இவர் கை தானாக மேலுதட்டைத் தடவிக்கொண்டது. தூரத்துக் கிரேன்களை நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் மின்கம்பங்களில் ஏறி இறங்கிய மனிதர்.

"எவ்வளவு உயரம்?"

"பதிமூணு மாடி இருக்கும்."

"இடி இடிச்சா?"

"உடனே இறங்கிடணும்."

"அவசரமா பாத்ரூம் வந்தா?"

சரவணன் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "காலித் தண்ணிப் போத்தல்தான் அங்கிள்."

இவர் சிரித்துவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று அடக்கிப் பார்த்தும் முடியாமல் வந்த சிரிப்பு. "நாங்கெல்லாம் கம்பத்து மேல அதுக்கும் வழியில்லாம இருந்தோம்" என்றார்.

ஆண்களின் நெருக்கம் எங்கிருந்தெல்லாம் தொடங்குகிறது பாருங்கள்.

அதற்காக உடனே கட்டிப்பிடித்தார் என்று எண்ணவேண்டாம். பக்கத்தில் ஒரு மீன் கடையில் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, எங்கள் எதிரிலேயே பழைய சக ஊழியருக்குப் போன் போட்டார். என்ன சாக்குச் சொல்லப்போகிறார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன்.

"பாலா, ஞாயித்துக்கிழமை வரவேணாம். என் பொண்ணு வேற ஒருத்தர விரும்பறா. எனக்கே இப்பத்தான் தெரியும். நீ கோவிச்சாலும் பரவால்ல. மன்னிச்சுக்கோ."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "சரி... சரி..." என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார். தர்ஷினி மேசையின்மேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றார் சரவணனிடம். "ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு வா. லிப்ட்ல ஏறி, மேல வரைக்கும் வா."

வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், ஒரே டிவி பார்க்கிறோம். "சாப்பிட்டியா", "மழை வருமா" என்று நாள் முழுக்கப் பேச்சுக்கும் குறைவில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் மனம் நோகக்கூடாது என்று முக்கியமானதை மட்டும் பத்திரமாக மறைத்து வைத்திருக்கிறோம். அன்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் எப்படியோ?

பிள்ளைகளைப் பெற்றவர்கள் மாதம் ஒருமுறையாவது ஜோடியாகக் கிளம்புங்கள் — வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே போனால்தான் தெரிகிறது.