குரைக்காத வேட்டை நாய்

அவள் வேட்டை நாய். கூன்ஹவுண்ட் சாதி. ரக்கூன் என்ற மரமேறும் காட்டுப்பிராணியைத் துரத்தி மரத்தில் ஏற்றிவிட்டு, வேட்டைக்காரன் வந்து சேரும்வரை அடியில் நின்று குரைக்கவேண்டும். அதற்கென்றே பிறந்த சாதி. ஆனால் அவள் குரைக்கமாட்டாள்.

ஜெர்மனியில், ஹம் நகரத்தில் நாங்கள் இருப்பது மாடி வீடு. கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்கள் என்று பிள்ளைகளைக்கூடச் சத்தமாகச் சிரிக்கவிடாமல் வளர்த்த ஆட்கள் நாங்கள். நாய் வாயைத் திறந்தால் மனைவி உடனே பிஸ்கட்டைக் காட்டி அடக்குவாள். சத்தம் போடாவிட்டால் பிஸ்கட் என்று நாய் படித்துவிட்டது. கெட்டிக்காரி.

நாய் எங்களுடையதும் அல்ல. என்னோடு ஃபாக்டரியில் வேலை செய்யும் ஜெர்மன்காரனுடையது. வேட்டைக்காரன். முழங்கால் ஒப்பரேஷன் என்று குட்டியைக் கொண்டுவந்து விட்டவன். இப்போது கால் சுகம். "மரத்தடியில் நின்று குரைத்தால் உன்னோடேயே இருக்கட்டும், வேட்டைக்கு மட்டும் கூட்டிப்போகிறேன். இல்லாவிட்டால் பவேரியாவில் ஒருத்தன் கேட்கிறான், கொடுத்துவிடுவேன்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் காலில் தலைவைத்துத்தான் அவள் தூங்குவாள். அது அவனுக்கு எங்கே தெரியும்?

ஞாயிறு காலை மனைவியும் நானும் அவனோடு காட்டுக்குப் போனோம். ஒரே புகார், வெள்ளைப் பனிமூட்டம். மரங்களுக்கு அடி இருந்தது, தலை இல்லை. ஈர இலைகள் காலடிச் சத்தத்தை விழுங்கின. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவன் ஒரு ரக்கூன் தோலைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துப்போய், ஒரு மரத்தில் உயரத் தூக்கிக் கட்டினான். நாயை அவிழ்த்துவிட்டேன். மூக்கை நிலத்தில் வைத்து ஓடிப் புகாருக்குள் கரைந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முன்னங்கால்களை மரத்தில் ஊன்றி மேலே பார்த்தபடி நின்றாள். வாய் மூடியே இருந்தது. பிறகு திரும்பி மனைவியின் கையைப் பார்த்தாள்.

"சூப்பவைசர் ஏசினாலும் வாய் துறவாத ஆள் வளத்த நாய்தானே," என்றாள் மனைவி.

"பிஸ்கட் குடுத்துக் கெடுத்தது ஆரப்பா?"

"ஓம், இப்ப என்னிலை பாயுங்கோ. ஏலுமெண்டால் நீங்களே குரைச்சுக் காட்டுங்கோ."

கோபம் தலைக்கேறியது. மரத்தில் கையால் ஓங்கி அடித்துக் கத்தினேன். சூப்பவைசர், வீட்டுச் சொந்தக்காரன், பவேரியாக்காரன் எல்லாரையும் ஏசினேன். இந்த நாட்டில் வெளியில் நின்று நான் கத்தியது அன்றுதான். புகார் என் சத்தத்தை வாங்கி, எங்கேயோ தூரத்தில் மெல்ல இறக்கிவைத்தது. நாய் என்னைப் பார்த்தாள். தொண்டைக்குள் ஓர் உறுமல். பிறகு வந்ததே ஒரு குரல், நீளமாக, காடு முழுக்க.

"இப்போது நட," என்றான் வேட்டைக்காரன். "திரும்பிப் பார்க்காதே. நீ போனபிறகும் நிற்கிறாளா என்று பார்க்கவேண்டும்."

நடந்தேன். மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்தன, போயின. இதோ ஓடிவந்து காலில் முட்டப்போகிறாள், எல்லாம் முடிந்தது என்று பயந்துகொண்டே நடந்தேன். அவள் வரவில்லை.

"உன்னோடேயே இருக்கட்டும்!" பின்னால் அவன் கத்துவது கேட்டது.

நான் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போனேன். அவள் குரல் அந்த மரத்தடியை விட்டு அசையவில்லை.