ஒரு சாயாவுக்கான பித்தளை வில்லை

நான் இரண்டாம் உலக யுத்தகாலத்துக் கடை வில்லைகளைச் சேர்க்கிறவள். அப்போது சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. மீதி கொடுக்கக் காசில்லாத கடைக்காரர்கள், தகரத்திலோ பித்தளையிலோ காசு மாதிரி வில்லை செய்து, தங்கள் கடைப்பெயரை அடித்துக் கொடுத்தார்கள். அடுத்தமுறை அதைத் திருப்பிக் கொடுத்துச் சாமான் வாங்கிக்கொள்ளலாம்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் ஆபீஸ் வேலை முடிந்தபின் இரணியலில் தனியாக இருக்கிறேன். யாராவது வந்தால் காட்டலாமென்று வில்லைகளைப் புளி போட்டுத் துலக்கி வைப்பேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருமுறை பார்த்தார். "கோயில் காசா அக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

போன வருஷம் தக்கலையில் ஒரு பழைய பாத்திரக்கடையில் பித்தளை வில்லை ஒன்று கிடைத்தது. நடுவில் 'ஒரு சாயா'. சுற்றிலும் குழித்துறைக் கடை ஒன்றின் பெயர். கடை இன்னும் இருக்குமா என்று பார்க்க பஸ் ஏறினேன்.

இருந்தது. கல்லாவில் என் வயதுக்காரர் ஒருவர். வில்லையை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிட்ட வைத்துப் பார்த்தார்.

"எங்க அப்பாக்க வில்லையில்லா! உங்களுக்கு எங்க கிட்டிச்சு?"

சொன்னேன்.

"வீட்டுல ஒண்ணுகூட இல்ல அக்கா" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "அக்காவுக்கு ஒரு சாயா, நல்லா போடு" என்று சத்தம் கொடுத்தார். சாயா வந்தது. வில்லை கல்லாவுக்குள் போயிற்று.

திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் அதை மறுபடி வெளியே எடுத்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். துபாயிலிருக்கும் தம்பியிடம் வீடியோவில் காட்டினார். மூவரும் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து குடித்து முடித்து, சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

சில மாதம் கழித்து மறுபடி போனேன். வில்லைக்காக அல்ல. அவர்களோடு கொஞ்சம் பேசிக்கொண்டிருக்கலாமென்றுதான்.

கல்லாவுக்கு மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள் வில்லையை மாட்டியிருந்தார்கள். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் அதையே பார்ப்பதைக் கவனித்து அவரே சொன்னார்: "எங்க அப்பா அடிச்சது. யாரோ ஒரு அக்கா கொண்டுவந்து தந்தாவ. பேருகூட கேக்காம விட்டுட்டேன். அதுதான் சங்கடம்."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் நாலைந்து பேர் கல்லாவை மொய்த்துக்கொண்டார்கள். ஒரு சாயா வாங்கிக் குடித்தபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கூட்டம் குறைகிறதாயில்லை. சாயாவுக்குக் காசை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.