நிலாக் காலத்தில் எழுதிய கதை

இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருடங்களில்தான் எனக்கு எழுத்தாளராகப் பெயரெடுக்கும் ஆசை வந்தது. பள்ளிவாசல்துறையிலுள்ள எங்கள் வீட்டிற்கு நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்களாக எடுத்துவந்து படித்தேன். கடலைப் பற்றி எழுதிய பலரும் நிலவையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

என் முதல் கதையில், பௌர்ணமி இரவில் கடலுக்குப் போன மீனவர் வலை கிழியும் அளவு மீனோடு திரும்பினார். ஒரு சஞ்சிகையின் சிறுகதைப் போட்டிக்கு அனுப்ப, கடித உறையில் முகவரியும் எழுதிவிட்டேன். ஒட்டுவதற்கு முன், முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"என்ன புள்ள இது? நிலா வெளிச்சத்துல வலை மீனுக்குத் தெரியுமே. எவன் கடலுக்குப் போவான்?"

"கற்பனைதானே?" என்றேன்.

"ஓம், கற்பனைதான். ஆனா நிலாக் காலத்துல நான் கடலுக்குப் போகாம வீட்டுல புள்ளைகளப் பார்த்த நாள்லதானே நீ இத எழுதின?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினைந்து வருடமாக மீனவர் மனைவி நான்! பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். நல்ல காலம், உறையை ஒட்டியிருக்கவில்லை.

இன்றும் மற்றவர்களின் கதைகளைத் தேடிப் படிக்கிறேன். எப்படித் தொடங்குகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்துப் பழகுகிறேன். கடலை மட்டும் அவர்களிடம் இரவல் வாங்குவதில்லை. எழுதியதை முதலில் கணவருக்குத்தான் வாசிக்கிறேன். நான் எழுதுவது இப்போதும் நிலாக் காலத்தில்தான். கதையிலும் நிலா இரவில் படகு கரையில்தான் கிடக்கிறது.